ஒரு ரீடர் வேலை

போன வாரம் ஒரு மாலை, கடைத்தெரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் படித்த ஒருவரின் மகன் பைக்கை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கோட்பாட்டு இயற்பியல். உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம்தான் சார். 'உங்களுக்கு லேப் எடுக்கத் தெரியுமா'ன்னு கேட்டாங்க. ஆராய்ச்சியைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லை. அதுக்குள்ள அவங்களுக்குள்ளேயே ஏதோ பேச ஆரம்பிச்சிட்டாங்க. என்னை வெளியில இருக்கச் சொல்லிட்டாங்க."

அவனுக்கு ஆறுதலாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. பழைய கதை ஒன்றைத்தான் சொன்னேன். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் நடந்தது. கோட்பாட்டு இயற்பியலில் ஒரு ரீடர் வேலை பற்றிய கதை. அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

கல்லூரிப் பக்கம் போகாத நண்பர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. இப்போது அசிஸ்டன்ட், அசோசியேட் என்று சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் விரிவுரையாளர், அதற்கு மேல் ரீடர், அதற்கு மேல் பேராசிரியர். ரீடர் என்றால் நடுப்படி. கோட்பாட்டு இயற்பியல் என்பது கருவிகள் வைத்துச் சோதனை செய்யாமல், பேப்பரும் பென்சிலும் கணக்குமாக இயற்கையின் விதிகளைத் தேடுவது. ஐன்ஸ்டீன் செய்தது அதுதான். ஆய்வகம் கேட்காத துறை என்பதால் செலவு குறைவு. ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது என்பதால், 'இவர் என்ன செய்கிறார்?' என்ற கேள்வி எப்போதும் இவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு ஆள் எடுத்த கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கே துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, ஆள் எடுப்பதில் மன்னன். நம் திருச்சிக்காரரான சி.வி. ராமன், 1907 முதல் மத்திய நிதித்துறையில் பெரிய அதிகாரி. காலையிலும் மாலையிலும் மட்டும் ஆராய்ச்சி. அவரைப் பாலித் பேராசிரியர் பதவிக்கு முகர்ஜி அழைத்தார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ராமன் போக மாட்டேன் என்றார். முகர்ஜி ஆளை விடவில்லை, நிபந்தனையை விட்டார். 1917ல், வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிட மிகக் குறைந்த சம்பளத்துக்கு ராமன் பேராசிரியர் ஆனார். அதே காலத்தில் எம்.எஸ்ஸி. முடித்த இரண்டு இளைஞர்களையும் முகர்ஜி விரிவுரையாளர்களாக எடுத்தார். ஒருவர் மேகநாத் சாஹா, இன்னொருவர் சத்யேந்திரநாத் போஸ்.

போஸ் 1921ல் புதிதாகத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போனார். அங்கிருந்துதான் 1924ல் ஐன்ஸ்டீனுக்குத் தன் கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அப்படிப்பட்டவர் ஐரோப்பா போய்த் திரும்பி, டாக்காவிலேயே பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை. ஐன்ஸ்டீனின் சிபாரிசுக் கடிதம் இருந்தது. அப்படியும் முதலில் தேர்வானவர் டி.எம். போஸ் என்ற வேறொருவர். அவர் வரவில்லை என்றதால்தான் சத்யேந்திரநாத் போஸுக்குப் பதவி கிடைத்தது. தேர்வுக் குழுக்கள் அன்றும் தேர்வுக் குழுக்கள்தான்! அடுத்த வருடமே, 1928 கடைசியில், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் டாக்காவுக்கு ரீடராகப் போய்ச் சேர்ந்தார். ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது ராமனுடன் இருந்தவர் அவர்.

இனி பெங்களூர்.

டாட்டாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்திய அறிவியல் கழகம் 1909ல் உருவானது. பல ஆண்டுகள் அங்கே வேதியியலும் மின்பொறியியலும்தான் முக்கியம். இயக்குநர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்கள். 1930ல் நோபல் பரிசு வாங்கிய ராமன், 1933ல் அங்கே இயக்குநராக வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். வந்த உடனே இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்கினார். அதில் கோட்பாட்டுப் பிரிவும் வேண்டும் என்று நினைத்தார். தான் சோதனைக்காரர் என்றாலும், கணக்குப் பலம் இல்லாமல் இயற்பியல் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

அதே 1933ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் மாதம் ஒரு சட்டம் போட்டு, யூத வம்சத்தில் பிறந்தவர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்றினார்கள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மாக்ஸ் போர்ன் அதில் ஒருவர். அப்போது அவருக்கு ஐம்பது வயது. (நீல்ஸ் போர் வேறு, இவர் வேறு. எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் நானே இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டதுண்டு.)

போர்ன் யார் என்று சொன்னால்தான் மேற்கொண்டு கதை விளங்கும். அவரிடம் உதவியாளராக இருந்தவர் ஹைசன்பர்க். 1925ல் அந்த இளைஞர் கொண்டுவந்து கொடுத்த புதுமாதிரியான கணக்கைப் பார்த்து, இது மேட்ரிக்ஸ் என்று கணிதக்காரர்கள் சொல்வதுதான் என்று கண்டுபிடித்து, ஜோர்டானுடன் சேர்ந்து அதை முழுக் கோட்பாடாக ஆக்கியவர் போர்ன். அடுத்த வருடம், அணுவுக்குள் நடப்பதை 'இன்னது நடக்கும்' என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, 'இன்னது நடக்க இவ்வளவு வாய்ப்பு' என்றுதான் சொல்ல முடியும் என்று நிறுவினார். இன்று கல்லூரியில் குவாண்டம் பாடம் எடுக்கும் எவரும் அதைச் சொல்லாமல் நகர முடியாது. கடவுள் பகடை ஆடுவதில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டீன் சொன்னதாக எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதை அவர் முதலில் கடிதமாக எழுதியது இந்தப் போர்னுக்குத்தான்.

வேலை போன போர்ன் குடும்பத்தோடு இத்தாலி மலைப்பக்கம் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் வேலை. இரண்டு மூன்று வருடம்தான் ஓடும். பிறகு என்ன என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் ராமனின் அழைப்பு வந்தது. கோட்பாட்டு இயற்பியலில் ரீடர் வேலை. ஆறு மாதம். ஹைசன்பர்க்குக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு ரீடர் வேலைக்குக் கப்பல் ஏறினார் என்றால், அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

1935 இலையுதிர் காலத்தில் மனைவி ஹெடியுடன் போர்ன் பெங்களூர் வந்து சேர்ந்தார். வந்து சும்மா இருக்கவில்லை. விரிவுரைகள் எடுத்தார். ராமனின் மாணவர் நாகேந்திரநாத்தோடு சேர்ந்து ஒளியைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அந்த நாகேந்திரநாத்தும் ராமனும் சேர்ந்து ஒலி அலைகளால் ஒளி சிதறுவதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இன்றும் உலகெங்கும் 'ராமன் - நாத்' என்ற பெயரில் படிக்கப்படுகின்றன. அதே மாதங்களில் வந்தவை அவை. ராமன் 1934ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழுக்கும் நல்ல கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. மொத்தத்தில் பெங்களூரில் ஒரு நல்ல ஆரம்பம் தெரிந்தது.

ராமனுக்கு ஆறு மாதம் போதவில்லை. போர்னை நிரந்தரமாக, பேராசிரியராகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். ஆசிரியர்கள் கூட்டத்தைக் கூட்டினார். போர்னையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்தார். இது பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவரை வெளியே உட்கார வைப்பது நம் வழக்கம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

ராமன் எழுந்து போர்னை வானளாவப் புகழ்ந்தார். அடுத்து, மின்பொறியியல் துறைக்கு இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த பேராசிரியர் ஆஸ்டன் எழுந்தார். ராமன் சொன்னதை ஏற்க முடியாது என்றார். சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட, இரண்டாந்தர வெளிநாட்டவர் ஒருவர் நமக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். போர்ன் அங்கேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் நினைவுக் குறிப்பில் இந்தச் சம்பவத்தை அவரே எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லி அழுதுவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் வேலை போனபோது வந்த துன்பம் சட்டத்தால் வந்தது. இது சக ஆசிரியர் ஒருவர் வாயால் வந்தது. எது அதிகம் வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிரந்தரப் பதவி அமையவில்லை. 1936ல் போர்ன் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய அதிர்ஷ்டம், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் கால்டன் டார்வின் (குரங்கிலிருந்து மனிதன் என்று நாம் சொல்வோமே, அந்த டார்வினின் பேரன்) கேம்பிரிட்ஜுக்குப் போக, அந்த இடம் காலியானது. அந்த அக்டோபரில் போர்ன் அங்கே பேராசிரியர் ஆனார். 1953ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஓய்வு பெற்ற மறு வருடம், 1926ல் செய்த வேலைக்காக நோபல் பரிசு வந்தது. 'இரண்டாந்தரம்' என்று பேசி முடித்துப் பதினெட்டு வருடம் கழித்து!

எடின்பரோவில் அவரிடம் ஆராய்ச்சி செய்ய உலகெங்கும் இருந்து மாணவர்கள் வந்தார்கள். சீனாவிலிருந்து வந்த பெங் ஹுவான்வு, செங் கைஜியா போன்றவர்கள் ஊர் திரும்பிச் சீன இயற்பியலுக்கே தூண்கள் ஆனார்கள். ஹுவாங் குன் என்ற இன்னொரு சீனரோடு சேர்ந்து படிகங்களைப் பற்றிப் போர்ன் எழுதிய புத்தகம் 1954ல் வந்தது. அந்தத் துறையில் அதுதான் இன்றும் மூலநூல். இவர்கள் இடத்தில் நம் மதுரையும் தஞ்சாவூரும் மைசூரும் தந்த பிள்ளைகள் பெங்களூரில் உட்கார்ந்திருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த, ராமனின் அண்ணன் மகனான சந்திரசேகர் 1930ல் கப்பல் ஏறினார். 1937ல் அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு நோபல் பரிசு வந்த 1983ல் அவர் அமெரிக்கக் குடிமகன்.

ஆஸ்டனை மட்டும் குற்றம் சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். சுலபம். வெள்ளைக்காரர், கெட்டவர், முடிந்தது. ஆனால் நான் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். அப்படி முடிக்க மனம் வரவில்லை. கழகத்தில் பணம் குறைவு. ராமன் வந்ததும் இயற்பியலுக்கு அதிகம் போகிறது, நமக்குக் குறைகிறது என்று மற்றத் துறைக்காரர்கள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். ராமனுக்கோ யாரையும் கலந்து பேசும் பழக்கம் கிடையாது. தான் நினைத்தது சரி என்றால் உடனே நடக்க வேண்டும். போர்ன் பெயரை அவர் சொன்னபோது, பாதிப் பேர் போர்னின் பேரைக் கேட்கவில்லை. ராமன் இன்னொரு பதவியையும் தன் துறைக்கு எடுத்துக்கொள்கிறார் என்றுதான் கேட்டார்கள். சண்டை ராமனோடு. அடி விழுந்தது போர்ன் மேல்.

அதே 1936ல் கழகத்தை ஆராய சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் ஒரு குழு வந்தது. அறிக்கை ராமனுக்கு எதிராக இருந்தது. 1937ல் அவர் இயக்குநர் பதவியை விட்டு இறங்கினார். பேராசிரியராக மட்டும் 1948 வரை இருந்தார். ஆக ஒரு ரீடர் வேலையை ஒட்டி எழுந்த சண்டையில், வந்தவரும் போனார், அழைத்தவரும் நாற்காலி இழந்தார்.

ஆனாலும் கதை அத்தோடு முடியவில்லை. 1939ல் கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்கு வந்த முப்பது வயது பம்பாய்க்காரர் ஒருவர், உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். கோட்பாட்டு இயற்பியல்காரர். ராமன் அவரைத் தன் துறையில் ரீடராகச் சேர்த்துக்கொண்டார். இந்த முறை பெரிய கூட்டமும் புகழுரையும் தேவைப்படவில்லை. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்கு டாட்டா அறக்கட்டளைப் பணமும் வந்தது. அந்த இளைஞர் ஹோமி பாபா. பெங்களூரில் இருந்தபோதுதான் இந்தியாவிலேயே உலகத்தரமான ஒரு நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1945ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. கணித மேதை ஹரிஷ் சந்திரா பெங்களூரில் பாபாவிடம் ஆராய்ச்சி செய்துவிட்டுத்தான் கேம்பிரிட்ஜ் போனார்.

பாபா சென்னையில் பேசியதைக் கேட்டு இந்தத் துறைக்கு வந்தவர் அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மயிலாப்பூரில் தன் குடும்ப வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கம் நடத்தினார். 1960ல் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது அந்த மாணவர்களைப் பார்த்து வியந்தார். சி. சுப்பிரமணியம் அப்போது மாநிலக் கல்வி அமைச்சர். பிரதமர் நேருவும் ஆதரவு காட்டினார். 1962 ஜனவரி 3ஆம் தேதி மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. அந்த விழாவுக்கு வந்திருந்தவர் சந்திரசேகர். இன்று அது தரமணியில் இருக்கிறது. அந்த வீட்டுக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் சிலர்தான் அதன் முதல் ஆராய்ச்சியாளர்கள்.

ராமனும் போர்னும் பிற்காலத்தில் படிகங்களின் அதிர்வைப் பற்றிப் பல வருடம் எதிரெதிராக நின்று வாதம் செய்தார்கள். அதில் போர்னின் கோட்பாடுதான் நின்றது. ஒரே துறையில், ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால் அந்த வாதத்தை ஒரு கப் காபியில் தீர்த்திருப்பார்களோ என்று தோன்றும். இருவரும் ஒரே வருடத்தில் மறைந்தார்கள். 1970 ஜனவரியில் போர்ன், நவம்பரில் ராமன்.

இதையெல்லாம் டீக்கடையில் அந்தப் பையனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் தேர்வுக்குழுவில் நானும் இருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். கோட்பாட்டுத் துறையில் நல்ல ஆராய்ச்சி செய்த ஒரு பெண் வந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாக, கரும்பலகையில் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். அவர் வெளியே போனதும் குழுவில் இரண்டு பேருக்கு வேறு ஏதோ பழைய விவகாரம் கிளம்பியது. ஒருவர் சரி என்றால் மற்றவர் வேண்டாம் என்றார். கடைசியில், "தியரி ஆளை வெச்சுக்கிட்டு என்ன செய்யறது, லேப் யார் பாக்கறது?" என்ற ஒரு வார்த்தையில் முடிந்தது. பதில் என் வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை. ஓய்வு நெருங்குகிற நேரத்தில் நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அந்தப் பெண் வராண்டாவில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போய் ஜீப்பில் ஏறினேன்.

பெங்களூர்க் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆஸ்டன் முகமும் தெரிவதில்லை, ராமன் முகமும் தெரிவதில்லை. அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மற்றவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பெயரெல்லாம் எங்கும் இல்லை.

நம் ஊர் மீன் மார்க்கெட்டில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். என்னதான் சத்தமும் சண்டையும் இருந்தாலும், விலை சொல்பவன் ஒரு முறை குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். யார் படகு, யார் வலை என்று பார்த்து விலை சொல்பவன் இரண்டு நாளில் நஷ்டப்பட்டுப் போவான். ஆள் எடுக்கும் அறையில் நஷ்டம் இரண்டு நாளில் தெரியாது. பதினெட்டு வருடம் ஆகும். சில சமயம் தெரியாமலே போகும்.

பையனுக்கு அடுத்த மாதம் இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறதாம். லேப் எடுப்பது பற்றிக் கேட்டால், எடுப்பேன் என்று தைரியமாகச் சொல் என்றேன். பழைய செய்முறைப் புத்தகங்கள் என் பரணில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இனிமேல் தேர்வுக்குழுவில் உட்காரும் இடத்தில் இருந்தால், ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்தவரின் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். பதிலை முழுக்கக் கேட்டுவிட்டு, அதன் பிறகு உங்கள் சண்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.